பசை காயும் நேரம்

என் தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, வேலையிடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் இன்னொன்று. இரண்டாவதுதான் நிலைத்தது: மில்லி. "ரெண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கு, கழட்டு" என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பெயர். இருபத்திரண்டு வருடமாகத் தச்சு வேலை செய்கிறான். அலமாரி, சமையல் மேடை, அலுவலக மேசை. அவன் மாட்டிய இரட்டைக் கதவுக்கு நடுவே ஒரு காகிதத்தை நுழைத்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கமாகப் போகும். நானே நுழைத்துப் பார்த்திருக்கிறேன்.

அவனிடம் இருந்த ஒரே குறை சிகரெட். நாளைக்கு இருபது. கேட்டால், "அது என் வேலையில ஒரு பாகம்க்கா" என்பான். சாக்கு சொல்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, லிஃப்டில் நுழையாத பெரிய பலகை ஒன்றைப் படிக்கட்டில் தூக்கிப் போனான். மறுமுனையைப் பிடித்திருந்தவர் பாலிஷ்காரர். அவனோடு பதினைந்து வருடமாக வேலை செய்பவர். இரண்டாவது மாடித் திருப்பத்தில் "கொஞ்சம் இறக்குங்க" என்றானாம். எடுத்த பலகையை அவன் நடுவழியில் இறக்கியதே கிடையாது. அவர் திரும்பிப் பார்த்தால், இவன் சட்டை நனைந்து, முகம் வெளுத்து, இடது தோளைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருக்கிறான். பாலிஷ்காரர் பலகையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார். அதனால்தான் எனக்கு இன்றைக்குத் தம்பி இருக்கிறான்.

இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று அடைத்திருந்தது. திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நாற்பத்து நான்கு வயது. டாக்டரம்மா சுருக்கமாகச் சொன்னார்: "நாங்க திறந்துட்டோம். மறுபடி மூடாம பாத்துக்க வேண்டியது நீங்க. இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது."

"ஏதாவது விசேஷத்துக்கு ஒண்ணு?" என்றான் இவன், படுத்த படுக்கையில்.

அவன் மனைவி குறுக்கே வந்தாள். "எந்த விசேஷம்? உங்களைத் தூக்கிட்டுப் போற விசேஷமா?"

அதோடு நிறுத்தினான். முதல் பத்து நாள் வீட்டில் யாரும் ஸ்பூனைக்கூடச் சத்தமாக வைக்க முடியாது; எரிந்து விழுவான். அவனை அறியாமல் கை சட்டைப் பைக்குப் போவதைப் பார்த்து, மனைவி எல்லாச் சட்டைப் பைகளின் வாயையும் தைத்துவிட்டாள். உப்பைக் குறைத்தோம். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டான். காலையில் நாற்பது நிமிடம் என்னோடு நடந்தான். ஆறு வாரம் ஒன்றுகூடத் தொடவில்லை.

ஒரு நூலகத்தில் நீளமான மேசைகள் செய்யும் வேலை அவனுக்காகக் காத்திருந்தது. "மில்லியே வரட்டும்" என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் கை பழகட்டும் என்று என் வீட்டுச் சமையலறைக் கதவுகள் நான்குக்குப் புது மைக்கா ஒட்ட வந்தான். பலகையிலும் மைக்காத் தகட்டிலும் பசை தடவி, சற்றுக் காயவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது. மதியத்துக்குள் முடித்தான். கண்ணாடிபோல் இருந்தது.

மூன்றாம் நாள் கதவைத் துடைக்கும்போது கையில் தட்டியது. தோசைக்கல்லில் எழும்புவதுபோல் அங்கங்கே கொப்புளம். நான்கு கதவிலும் பதினேழு. அவனுக்குச் சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவனிடம் மறைப்பது நடக்காத காரியம். கூப்பிட்டேன்.

வந்து விரலால் தடவினான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டான்.

"கை போச்சுக்கா."

"கைக்கு ஒண்ணும் ஆகலடா."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கொப்புளம் வந்ததில்ல. அது இல்லாம எனக்கு வேலை ஓடல. நூலகத்துல மட்டும், மூணே நாள், மூணே சிகரெட். அப்புறம் விட்டுடறேன்."

மூன்று சிகரெட் எதில் முடியும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலை போனாலும் இவன் இருக்க மாட்டான், சிகரெட் வந்தாலும் இருக்க மாட்டான். நான் அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவன் பசை தடவும்போது பருப்பை அடுப்பில் வைத்தேன். அது கொதிப்பதற்குள் ஒரு கதவை ஒட்டி முடித்திருந்தான்.

"முன்னெல்லாம் பசை தடவிட்டு என்ன பண்ணுவே?"

"வெளிய போய் ஒண்ணு பத்தவெப்பேன். பசை பக்கத்துல நெருப்பு ஆகாதுல்ல. முடிச்சிட்டு வந்து ஒட்டுவேன்."

"எத்தனை நிமிஷம்?"

"நிமிஷமா? ஒரு சிகரெட் நேரம்க்கா!"

சொன்ன பிறகு அவனே என்னைப் பார்த்தான். வாய் திறந்தபடி இருந்தது.

சரி, ஒரு சிகரெட் எத்தனை நிமிடம்? அதை அறிய ஒன்றைப் பற்றவைத்தாகவேண்டும். பாலிஷ்காரரை வரவழைத்தோம். அவர் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று புகைக்க, நான் கடிகாரத்தோடு வாசலில் நிற்க, தம்பி மூடிய ஜன்னலுக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"என்ன மில்லி, என்னைப் பாத்து நாக்கு ஊறுதா?" என்று கத்தினார்.

"உங்களுக்கும் ஒரு நாள் ஸ்டென்ட் வெப்பாங்க, அப்ப நான் ஜன்னலுக்கு வெளிய நிப்பேன்" என்று உள்ளிருந்து பதில் போனது.

நான்கரை நிமிடம். அந்தக் கணக்கில் ஒரு துண்டை ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து உளியால் நெம்பினான். தோல்போல உரிந்து வந்தது.

"அவர் ரயிலுக்குப் போறவர் மாதிரி இழுக்கறார்க்கா. நான் நின்னு, வானத்தைப் பாத்து, சாம்பல் தட்டித் தட்டி..."

நான் பசை டப்பாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். பின்னால் எறும்புபோல எழுத்து. பத்து முதல் பதினைந்து நிமிடம் காயவிடவும். தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது.

"டேய், டப்பாவிலேயே போட்டிருக்குடா."

"அதை யாரு படிக்கறா?" என்றார் பாலிஷ்காரர், உண்மையான ஆச்சரியத்தோடு.

நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனாலும் எதையும் சரிபார்க்காமல் விடமாட்டேன். எட்டுத் துண்டுகள் வெட்டச் சொல்லி, ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் நிமிடத்தை எழுதினேன். மறுநாள் அவன் நெம்பினான். பன்னிரண்டு என்று எழுதியதில் மைக்கா வரவில்லை, பலகை பிய்ந்து வந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நேரம் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் மிச்சம். பன்னிரண்டு நிமிடம் வெறும் கையோடு நிற்க அவனுக்கு வராது.

நூலக வேலையின் முதல் நாள் காலை பத்தேகாலுக்கு என் போன் அடித்தது. நான் சீருடை தைக்கும் கூடத்தில் மெஷினில் இருந்தேன்.

"அக்கா, தடவிட்டேன். ஏதாவது பேசு."

பேசினேன். குழாய் ஒழுகுவது, அடுத்த வீட்டுப் பூனை, என்ன சமைத்தேன், ஏன் சரியாக வரவில்லை. பன்னிரண்டாவது நிமிடம் பாதிச் சொல்லில் "சரி, வெக்கறேன்" என்று துண்டித்துவிட்டான். அன்று ஒன்பது தடவை. மறுநாள் ஏழு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காலர் தைத்தேன். "உங்க தம்பிக்குப் பசை காஞ்சுதா?" என்று மேற்பார்வைப் பெண் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பத்தேகால் ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. போன் வரவில்லை. பதினொன்றரைக்கு என் ஊசி தடம் மாறி ஒரு சட்டைக் கை கோணலாகப் போனது. நானே போன் அடித்தேன். எடுக்கவில்லை. நெஞ்சா, சிகரெட்டா, எதை நினைப்பது என்று தெரியவில்லை. இரண்டாம் தடவை எடுத்தான்.

"என்னக்கா?"

"ஏன்டா பேசல?"

"பேசணும்னு தோணல. தடவிட்டு நின்னுட்டிருந்தேன்."

"நின்னுட்டுன்னா? கையில என்ன?"

"கையில என்ன, விரல்தான். பசையைத் தொட்டுப் பாத்துட்டிருக்கேன். ஒட்டல. நீ வை, இப்ப போடணும்."

வைத்துவிட்டான். நான் கோணல் கையைப் பிரித்து மறுபடி தைத்தேன்.