இரண்டு ஷிஃப்ட் போட்ட ஒரு பாதை

வடக்குப்பட்டில் எங்கள் தெருவிலிருந்து கம்பெனி பஸ் நிற்கும் மெயின் ரோட்டுக்கு ஏரிக்கரை ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. போன மழை அதைப் பாதிக்கு மேல் அரித்துவிட்டது. அங்கேதான் பக்கத்து வீட்டு அக்கா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஒன்பது மணி ஜெனரல் ஷிஃப்டில் காண்ட்ராக்ட் வேலை. மாவுக்கட்டைப் பிரித்து, ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்த வாரமே சூப்பர்வைசர் போன் செய்துவிட்டார்: திங்கட்கிழமை வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். உட்கார்ந்து செய்கிற வேலைதான். பஸ் வரைக்கும் போய்ச் சேருவதுதான் பாடு. பைக்கில் ஏற முழங்கால் மடங்கவில்லை. தினமும் ஆட்டோ கட்டுப்படியாகாது.

"மனு குடுத்துக்கினு உக்காந்தா எனக்குப் பேரன் பொறந்து அவன்தான் அதுல நடப்பான்" என்றார் அக்கா. அந்தப் பேச்சு எனக்கு அப்படிப் பிடித்துப்போய், தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். பாதையை நாங்களே போட்டுவிட ஆள் சேர்ந்ததே அப்படித்தான்.

காலை ஷிஃப்ட் ஆட்கள் மாலையில் ஊர்ப் பக்கமிருந்து போட்டுக்கொண்டு வந்தார்கள். மதிய ஷிஃப்ட்காரர்களான நாங்கள் காலையில் ரோட்டுப் பக்கமிருந்து. இடித்த வீட்டுச் செங்கல், மேலே செம்மண், தண்ணீர் தெளித்துக் கட்டையால் இடி. தூரத்திலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை இரண்டும் சேருகிற இடத்துக்கு வந்தபோதுதான் பார்த்தோம். அவர்கள் பாதை எங்கள் பாதையைவிட முழங்கால் உயரம் மேலே நின்றது. ஏரித்தண்ணீர் ஏறக்கூடாதென்று அவர்கள் உயர்த்தியிருந்தார்கள்; நாங்கள் ரோட்டு மட்டத்துக்குப் போட்டிருந்தோம். கம்பெனியில் ஒரு போல்ட் லூசாக இருந்தால்கூட அடுத்த ஷிஃப்டிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போகமாட்டோம். ஊர் வேலையில் அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் இரண்டு ஷிஃப்டும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்த காலை ஷிஃப்ட் ஃபிட்டர் அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"இன்னாபா, நீங்க போட்டது பாதையா, கால்வாயா?"

"நீங்க கட்னது இன்னாண்ணே, மேடையா? ஏறி மைக் புடிக்கவா?" என்றேன் நான்.

பேச்சு தடித்தது. யார் வெட்டுவது, யார் உயர்த்துவது என்று ஒரு மணி நேரம் போனது. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு அக்கா வந்து நின்றார்.

"சண்டைய செவ்வாக்கெயமைக்கு வெச்சிக்கோங்க. நாளைக்கு எனக்கு பஸ்ஸு கீது."

அண்ணன் சட்டையைக் கழற்றி வேப்பமரத்தில் மாட்டினார். அவர்கள் மேட்டை வெட்ட, வெட்டிய மண்ணை நாங்கள் எங்கள் பக்கம் கொட்டி இடிக்க, நீளமாக ஒரு சரிவு வந்தது. ஊன்றுகோல் புதைகிற இடத்திலெல்லாம் அக்கா நின்று, "இங்க இன்னும் நாலு போடு" என்றார். எந்தக் கம்பெனி இன்ஸ்பெக்ஷனும் அவ்வளவு கறாராக இருந்ததில்லை.

திங்கள் காலை நாங்கள் நாலு பேர் அக்காவுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளியே நடந்தோம். கூட வந்தால் திட்டு விழும். சரிவில் ஒரு தடவை நின்றார். மூச்சு வாங்கத்தான். பிறகு கோலை ஊன்றி இறங்கி, பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

விடியுமுன்னே வேலைக்குப் போயிருந்த ஃபிட்டர் அண்ணன் டீ பிரேக்கில் போன் செய்தார்.

"அக்கா ஏறிச்சா?"

"ஏறிடுச்சுண்ணே."

"ஏறிடுச்சாம்டா!" என்று அவர் யாருக்கோ கத்துவதும், அங்கே பத்துப் பேர் ஒன்றாகச் சிரிப்பதும் கேட்டது. நான் வீட்டுக்குப் போய், மூன்று நாளுக்குப் பிறகு முதுகைச் சாய்த்துப் படுத்தேன்.