உள்ளபடி சொல்லு

என்னை வாசிக்க வைத்தது ஆசை இல்லை, ஆத்திரம். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கிழமை நாட்களில் கொழுந்து பறித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைக்கு பஸ் ஏறி வரலாறு டியூசனுக்குப் போன காலம் அது. உயர்தரப் பரீட்சையில் ஒரு தடவை தோற்றிருந்தேன். இரண்டாம் தடவையும் தோற்றால் புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டு மலையோடு இருந்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதனால் விழுந்து விழுந்து வாசித்தேன். ஒரு பக்கத்தின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி போயிருக்கும். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவில் சுவர் கூரை வரை எழும்பவில்லை. அவர்கள் டிவியில் பார்க்கும் நாடகத்தில் இன்றைக்கு யார் அழுதார்கள் என்று கேட்டால் புத்தகத்தைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன். கையில் போன் வேறு. ஐந்து வரிக்கு ஒரு தடவை அதை எடுத்துப் பார்ப்பேன். இரண்டு மணி நேரம் படித்தேன் என்ற திருப்தியோடு எழும்புவேன். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் என்னை எழுப்பிவிட்டு, வாசித்துவரச் சொன்ன அத்தியாயத்தைக் கேட்டார். இரண்டு தடவை வாசித்திருந்தேன். பக்கத்தின் மூலையில் இருந்த படம் ஞாபகம் வந்தது. எழுத்து ஒன்றும் வரவில்லை.

“வரி கூடினதால சனங்க கலகம் பண்ணின மாதிரி...” என்று இழுத்தேன்.

“மாதிரி வேணாம். உள்ளபடி சொல்லு.”

அவர் கையிலிருந்த மார்க்கர் பேனாவை மூடினார்.

“ஒனக்குக் கொழுந்துதான் கையில நிக்கும், புத்தகம் தலையில நிக்காது. போய் நேரத்தோட பெரட்டுல நில்லு.”

வகுப்பே சிரித்தது. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்பதைத்தான் எங்கள் தோட்டங்களில் பெரட்டு என்பார்கள். அந்த வகுப்பில் பாதிப் பேருடைய அம்மாமார் அந்த வரிசையில் நிற்கிறவர்கள். அந்தப் பிள்ளைகளும் சிரித்தார்கள். சாரும் லயத்தில் பிறந்தவர்தான். அவருடைய அம்மா கூடை சுமந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் தோட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பை விடவில்லை. விட்டால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும். அவரும் அதற்குப் பிறகு என்னிடம் கேள்வி கேட்கவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்து அவர் பின்மண்டையைப் பார்த்துக் கறுவிக்கொண்டிருந்தேன்.

அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கே போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி அம்மாவின் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஒரு பக்கம் மட்டும் வாசிப்பேன். புத்தகத்தை மூடுவேன். எதிரே அந்த மனுசன் மார்க்கரோடு நிற்பதாக நினைத்துக்கொள்வேன். “உள்ளபடி சொல்லு” என்பார். சொல்லுவேன். ஒரு இடத்தில் தடுமாறினாலும் அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணும். அதைப் பொறுக்க முடியாமல் திரும்பவும் புத்தகத்தைத் திறப்பேன். பக்கத்துக் காம்பராவில் யார் அழுதாலும் பிறகு என் காதில் விழவில்லை. பகைக்குக் காது கிடையாது போலும்.

அடுத்த நாள் மலையில் அதே பாடம். எங்கள் தோட்டத்தில் ஆளுக்கு ஆள் தனி நிரை உண்டு. ஒரு செடிக்கு ஒரு பத்தி என்று வைத்துக்கொண்டேன். மட்டக்கம்பைச் செடி மேல் போட்டு, அதற்கு மேலே நிற்கும் கொழுந்தைக் கிள்ளக் கிள்ள, அந்தப் பத்தியைச் செடிக்குச் சொல்லுவேன். சொல்லுவேன் என்ன, ஏசுவேன். எட்டு நாள் கழித்துக் கொழுந்து திரும்ப வளர்ந்ததும் அதே நிரைக்கு வருவோம். அதே செடி, அதே பத்தி. எது மறந்துபோனது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இரவில் அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப வாசிப்பேன்.

அடுத்த நிரை அக்கா பயந்துவிட்டாள்.

“யாரடி இப்புடி ஏசுற? ஒனக்கு என்னமோ புடிச்சிருக்கு. பூசாரிகிட்ட ஒரு கயிறு கட்டு.”

வேலையை மேற்பார்க்கும் கங்காணி கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, “வாயி செய்ற வேலைய கையி செய்யலையே” என்றார். ஏச்சு வாங்கினேன். நிறுத்தவில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மேல் மலையைக் கவ்வாத்து வெட்டிவிட்டார்கள். செடிகளை முழங்கால் உயரத்துக்குத் தறித்து மொட்டையாக்கிவிடுவதுதான் கவ்வாத்து. சார் என்னிடம் கேட்ட அந்த வரி அத்தியாயம் இருந்தது அந்த மலையில். எங்களை வேறு மலைக்கு மாற்றினார்கள். அங்கே நின்று சொல்லிப் பார்த்தேன், மூன்றாம் பத்திக்கு மேல் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்தில் எவளாவது பாடத்தைக் கொண்டுபோய்த் தேயிலைச் செடியில் வைப்பாளா?

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று தனியாக மேல் மலைக்கு ஏறினேன். வெறும் கட்டைகள். என் நிரையைக் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது. முதல் கட்டைக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடினேன். செடி வரவில்லை. அவர் முகம் வந்தது, அந்த மார்க்கர், அந்தச் சிரிப்பு. சொல்ல ஆரம்பித்தவள் நிரையின் கடைசிக் கட்டை வரை நிற்காமல் சொல்லி முடித்தேன். அந்த மலையை அவர்கள் வேரோடு பிடுங்கியிருந்தாலும் எனக்குக் கவலை இருந்திருக்காது.

பரீட்சைப் பெறுபேறு வந்தபோது வரலாற்றில் எனக்கு ஏ. மற்ற இரண்டு பாடங்களிலும் நல்ல சித்தி. இரண்டாம் நாளே சாரிடமிருந்து போன் வந்தது. வகுப்பு வாசலில் பேனர் போடுகிறாராம், என் போட்டோ வேண்டுமாம். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். போட்டோவை உறையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நேரமாகப் பார்த்துப் போனேன்.

“வாங்கம்மா” என்று வகுப்புக்கு முன்னால் என்னை நிறுத்தினார். “பாத்துக்கங்க. தோட்டத்தில வேலை செஞ்சிக்கிட்டே படிச்ச பிள்ளை. நம்ம கிளாஸ்.”

“சார், நீங்க அன்னைக்கு எனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா?”

சிரித்தார். “என்னம்மா சொன்னேன்? நல்லதாத்தான் சொல்லியிருப்பேன்.”

அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. நான் ஒரு வருசமாக ஒவ்வொரு செடிக்கும் முன்னால் சுமந்து திரிந்ததை அவர் அன்றைக்கே மறந்துவிட்டிருக்கிறார். அது எனக்கு இன்னும் எரிந்தது. அவர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

“இதை நீங்க ஒருக்கா சொல்லுங்க சார். சொன்னா போட்டோ தாறேன்.”

அவர் கண் உறைக்குப் போய்த் திரும்பியது. “கொழுந்து எடுக்கத்தான் சரி, படிப்பு வராதுங்கிற மாதிரி ஏதோ...”

“மாதிரி வேணாம் சார். உள்ளபடி சொல்லுங்க.”

இரண்டாம் தடவை, பெரட்டில் நிற்கச் சொன்னதை விட்டுவிட்டார். முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். மூன்றாம் தடவை, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி, முழுதாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

உறையை மேசையில் வைத்தேன்.

“இனி ஒங்க தலையிலயும் நிக்கும் சார்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.