குழாயடிக்கு ஒரு பிள்ளை மட்டும்

ரெஜிலா அங்கன்வாடி உதவியாளராகச் சேர்ந்து பதினேழு வருடம் ஆகிறது. அருமனைக்குப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றை அறைக் கட்டடம். பின்னால் அடுக்களை, முற்றத்தில் ஒரு குழாய். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டாள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. எந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் தின்னாமல் வந்திருக்கிறது, எந்த வீட்டில் முந்தின நாள் சண்டை நடந்தது என்பதைப் பிள்ளை செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். "அக்கா பார்த்தா ஸ்கேன் எடுத்த மாதிரியாக்கும்" என்று சபிதா டீச்சர் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்குத் தன் கை செய்துகொண்டிருந்தது எட்டு மாதம் படவில்லை.

ஜூன் மாதம் அஷ்னா வந்து சேர்ந்தாள். நாலு வயது. அம்மா ஜெனோவி குளச்சல்காரி. புருஷன் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அருமனைச் சந்தையில் மீன் விற்பதால் பக்கத்திலேயே வாடகைக்கு வீடெடுத்திருந்தாள். பிள்ளையை விட்டுவிட்டு அவள் போன கையோடு, அங்கே வருகிற சஜினின் அம்மா ரெஜிலாவின் காதருகே வந்தாள்.

"அக்கா, அந்தப் பிள்ளைய எனக்க பயலுக்கப் பக்கத்துல இருத்தாதீங்க. மீன் வாடை அடிக்குல்லா."

ரெஜிலாவுக்கு யாரிடமும் எதிர்த்துப் பேசி வழக்கமில்லை. பிள்ளையை ஒதுக்கி உட்கார வைக்கவும் மனம் வரவில்லை. தனக்குத் தெரிந்த வழியில் அதைத் தீர்த்தாள். மறுநாள் காலையில் அஷ்னாவைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். கையிலும் கழுத்திலும் சோப்புப் போட்டுக் கழுவி, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் துடைத்து, சொந்தக் காசில் வாங்கிவைத்திருந்த பவுடரைப் பூசி, "எனக்க பொன்னுல்லா, இனி போய் இரி" என்று பாயில் உட்கார வைத்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக ரெஜிலாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

அது தினப்படி வழக்கமாயிற்று. மற்ற பதினோரு பிள்ளைகளும் நேராகப் பாய்க்குப் போவார்கள். அஷ்னா மட்டும் குழாயடி சுற்றிப் போவாள்.

பிப்ரவரியில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்த சபிதா டீச்சர், அங்கே கொடுத்த தாளை வாசித்துக் காட்டினாள். நிறம், சாதி, வீட்டார் செய்கிற தொழில் என்று எதைக்கொண்டும் ஒரு பிள்ளையை வேறாக நடத்தக் கூடாது. பேசும்போது பிள்ளையின் கண்ணுக்கு நேராகக் குனிந்து பேச வேண்டும். நாம் சொல்வதைவிட நாம் செய்வதைத்தான் பிள்ளை படிக்கும். ரெஜிலா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டிருந்தாள்.

"நம்ம சென்டர்ல அப்படி ஒண்ணும் இல்லல்லா அக்கா?"

"இல்ல டீச்சர்."

பொய் சொல்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடினார்கள். அஷ்னாதான் ஆயா. துவர்த்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நாலு பொம்மைகளை வரிசையாக நிறுத்தினாள். மூன்றைப் பாயில் உட்கார வைத்தாள். நாலாவதை மட்டும் மூலைக்குத் தூக்கிப்போய், தண்ணீர் இல்லாமலே அதன் கழுத்தைத் தேய்த்தாள்.

"அதுக்கு மட்டும் என்னத்துக்குக் குளி?" என்று கேட்டாள் ஜினிஷா. அவளுக்கும் நாலு வயதுதான்.

"இதுக்க அம்மை மீன் விப்பா. கழுவாம பாயில இருத்தப்பிடாது." பிறகு பொம்மையின் கன்னத்தைத் தட்டி, "எனக்க பொன்னுல்லா" என்றாள். ரெஜிலாவின் குரல். ரெஜிலாவின் இழுவை. ரெஜிலா சொல்கிற அதே கொஞ்சல்.

அடுக்களை வாசலில் நின்றவளுக்குக் கையிலிருந்த கரண்டி கனத்தது. மீன் விப்பா என்று அவள் அந்தப் பிள்ளையிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளை தானே கண்டுபிடித்திருக்கிறது. தினமும் தன்னை மட்டும் கழுவுவதற்குக் காரணம் தேடி, தன் அம்மாவில் போய் நின்றிருக்கிறது.

டீச்சர் செல்போனில் வருகைப் பதிவு போட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் காதில் விழவில்லை. ரெஜிலா நினைத்தால் இதை யாருக்கும் தெரியாமல் விட்டுவிடலாம்.

சாயங்காலம் ஜெனோவி சந்தையிலிருந்து நேரே வந்தாள், இடுப்பில் மீன் தீர்ந்த அலுமினிய வட்டையோடு. பிள்ளையைப் பார்த்து ஒரு கையை நீட்டினாள். அஷ்னா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கழுவிட்டு வா அம்மே."

"ஏட்டி, நீ தின்னுக சோறு இந்தக் கையிலயாக்கும்" என்று ஜெனோவி சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. ரெஜிலாவிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டிலயும் இதுதான் அக்கா. எனக்கப் பக்கத்துல படுக்க மாட்டேங்குகா. பிள்ளைட்ட யாரோ என்னமோ சொல்லியிருக்கும். நீங்க ஒண்ணு சொல்லிக் குடுங்க. உங்கள அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்."

ரெஜிலா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் வீடுவரை அவளோடு வந்தது.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளையும் குழாயடிக்கு வரச் சொன்னாள். அவர்கள் கூச்சல் போட்டு ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் தெளித்தார்கள். சஜின் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டான். அஷ்னா மட்டும் வரிசையில் முதலாவதாக வந்து, தாடையை உயர்த்தி, கழுத்தைக் காட்டி அசையாமல் நின்றாள். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. அவளுக்கு உள்ளே போவதற்கான அனுமதி. எல்லாரையும் கழுவியது தன் தப்பை மூடத்தான் என்று ரெஜிலாவுக்குப் புரிந்தது.

பிள்ளைகள் உறங்குகிற நேரத்தில் டீச்சரிடம் சொன்னாள். சபிதா செல்போனைக் கீழே வைத்தாள்.

"நானும் தினம் பார்த்துட்டுத்தானே இருந்தேன் அக்கா. உங்களுக்கு எவ்வளவு பாசம்னு நெனச்சேன்." பிறகு சொன்னாள், "இனி செய்யாண்டாம், அவ்வளவுதான். அவளுக்க அம்மைட்டச் சொல்லாதீங்க. ஒரு பெட்டிஷன் எழுதிப் போட்டா உங்க வேலைக்குத்தான் கேடு."

வேலை போனால் வீடு எப்படி ஓடும் என்று ரெஜிலாவுக்குத் தெரியும். ரப்பர் வெட்டுக்காரப் புருஷனுக்கு மழைக்காலத்தில் பால் வெட்டு கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் கால் சந்தைக்குத்தான் போயிற்று.

ஜெனோவி சாளை மீனைக் கூறு வைத்து, ஒரு கிழவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "கண்ணப் பாரும் அண்ணாச்சி, உம்ம கண்ணவிடத் தெளிவா இருக்கு." கிழவர் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார். ஆள் ஒழியும்வரை ரெஜிலா தள்ளி நின்றாள். பிறகு, வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக எதையும் பேசியிராதவள், முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். சஜினின் அம்மா சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பழி பாதி அங்கே போய்விடும்.

ஜெனோவியின் கை மீன்மேல் அப்படியே நின்றது.

"நான் காலையில எழும்பி, வெந்நி போட்டு, சந்தன சோப்பு தேச்சுக் குளிப்பிச்சுத்தான் எனக்க பிள்ளைய அனுப்புவேன்" என்றாள் மெதுவாக. "அது ஒங்களுக்கு மணக்கலியா?"

ரெஜிலா நிலத்தைப் பார்த்தாள். மணந்திருக்கிறது. இப்போது யோசித்தால் அந்தச் சந்தன மணம் மூக்கில் நிற்கிறது. கேட்டதை நம்பினாள், முகர்ந்ததை நம்பவில்லை.

"சிரட்டையில ஒறஞ்ச ரப்பர் ஒட்டுப்பால நீங்க வீட்டு நடையில கூட்டி வைப்பிய. இந்த ஊருக்கு வந்த முதல் மாசம் அந்த நாத்தத்துல எனக்குச் சோறு எறங்கல. நான் ஒங்க பிள்ளைய ஒண்ணையும் குழாயடிக்குக் கூட்டிட்டுப் போகல. போங்க அக்கா, யாவாரத்த மறிக்காதீங்க."

திங்கள் அஷ்னா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ரெஜிலா அவளுக்கும் சேர்த்தே முட்டை அவித்தாள். புதன்கிழமை ஜெனோவி வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு வேற இடமில்ல. அதனால கொண்டுவந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அஷ்னா செருப்பைக் கழற்றினாள். நேராகக் குழாயடிக்குப் போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

ரெஜிலா முழங்காலிட்டு அவள் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தாள். "வேண்டாம் மக்கா. ஒனக்க மேல அழுக்கே இல்ல. அம்மைக்க கையும் நல்ல கையாக்கும். ஆயா செய்தது தப்பு."

பிள்ளை அவளையே பார்த்தது. பெரியவர்கள் தப்பு என்று சொல்லி அது கேட்டதில்லை போலும். ரெஜிலாவின் கையை இழுத்து முகர்ந்தது. காலையில் அவள் வீட்டில் சாளை கழுவிவிட்டு வந்திருந்தாள்.

"ஆயா கையில மீன் மணக்கு."

"ஆமா மக்கா. கறி வச்சேன். இப்படியே பாயில இருக்கட்டா? பக்கத்துல இருப்பியா?"

அஷ்னா குழாயைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். வெகுநேரம் யோசித்தாள். பிறகு நடந்துபோய் உட்கார்ந்தாள், ரெஜிலாவுக்கும் தனக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு. அந்த ஒரு சாணைக் குறைக்க ரெஜிலா நகர்ந்து உட்காரவில்லை. அதை அளந்து கொடுத்ததே தன் கைதான் என்று அவளுக்குத் தெரியும்.