சிவப்புக்கு வெளியே நின்ற வெப்பமானி

சிவகாசி அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. சென்ற கோடையில், பட்டாசு லேபிள்களுக்கு இடையே, பள்ளிகளுக்கான அறிவியல் சுவர்ப்படம் ஒன்று அச்சுக்கு வந்தது. அகச்சிவப்புக் கதிர் கண்டறியப்பட்ட விதத்தைச் சொல்லும் படம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் வானியலாளர் ஒருவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, நிறங்களின் சூட்டை வெப்பமானி வைத்து அளந்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் சூடு கூடிக்கொண்டே போயிற்று. சிவப்பையும் தாண்டி, நிறமே விழாத இடத்தில் இருந்த வெப்பமானிதான் எல்லாவற்றையும்விட அதிகம் காட்டியது.

நான் மெய்ப்பில் எழுத்துகளைப் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. மெஷினில் முதல் தாள்கள் விழுந்தபோதுதான் கவனித்தேன். அந்த வெப்பமானி சிவப்புப் பட்டைக்குள் நின்றது.

பக்கம் அமைத்தவள் நாரணாபுரத்துப் பெண்; பைண்டிங் பகுதியில் இருந்துகொண்டே கணினி கற்று இந்த இடத்துக்கு வந்தவள். எங்கள் தொழிலில் ஒரு நிறம் கோட்டுக்கு வெளியே நின்றால் அது விலகல், பெரும் பிழை. மூலப்படத்தில் வெளியே நின்ற வெப்பமானியையும் விலகல் என்றே எண்ணி, அக்கறையோடு உள்ளே இழுத்து வைத்திருந்தாள். இன்னொரு அச்சுப் பிளேட் வீணானால் மறுபடி பைண்டிங்குக்குத்தான் என்று முதலாளி முந்தின வாரமே சொல்லியிருந்தார். நான் வாய் திறந்தால் அவள் இடம் போகும். திறக்காவிட்டால் வகுப்பறைச் சுவர்களில் பொய் தொங்கும்.

மெஷின்காரரிடம் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு முதலில் அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, நம்பவுமில்லை.

“வெளிச்சமே விழாத எடத்துல சூடு மட்டும் எங்கன இருந்து வரும்க்கா?”

பக்கத்துப் பள்ளியில் முப்பட்டகமும் மூன்று வெப்பமானிகளும் இரவல் வாங்கிக்கொண்டு, உணவு இடைவேளையில் மொட்டைமாடிக்கு ஏறினோம். அட்டைப்பெட்டியின் விளிம்பில் முப்பட்டகத்தைப் பொருத்தினோம். வெப்பமானிக் குமிழ்களில் அச்சு மையைக் கறுப்பாகப் பூசி, ஒன்றை நீலத்திலும் ஒன்றைச் சிவப்பிலும் ஒன்றைச் சிவப்பை ஒட்டிய நிழலிலும் வைத்தோம். சிறிது நேரம் மூன்றும் ஒன்றுபோலவே நின்றன. மேகம் வேறு குறுக்கிட்டது. எனக்கே ஐயம் தட்டியது. பிறகு நிழலில் இருந்தது மெல்ல ஏறி, மற்ற இரண்டையும் கடந்தது.

அவள் கீழே போய் முதலாளியையே அழைத்து வந்துவிட்டாள். தன் தவறைத் தன் வாயாலேயே சொன்னாள். நான் பாராமல் விட்டதை நானும் சொன்னேன். அவர் வேட்டியை மடித்துக் குனிந்து மூன்றையும் படித்தார், மறுபடியும் படித்தார்.

“ஏத்தா, சூரியனுக்கே கலர் வெலகிப்போச்சா?”

“வெலகல அண்ணாச்சி. நம்ம கண்ணுதான் அம்புட்டுத் தூரம் எட்டல.”

அவர் சிரித்துவிட்டார். புதுப் பிளேட்டையும் அவளே போடட்டும் என்று சொல்லிப் படியிறங்கினார். பைண்டிங் பேச்சே எழவில்லை.

மாலையில் புதிய மெய்ப்பு வந்தது. வெப்பமானி வெள்ளைத் தாளில் தனியே நின்றது. அதனருகே மெஷின்காரருக்காக அவள் பேனாவால் எழுதியிருந்தாள்: ‘இது விலகல் இல்லை. வெளியேதான் நிற்கணும். இப்படியே ஓட்டுங்க.’