தங்கைக்குக் கொடுத்த வேலைச் சான்று

என் தங்கை போன மாதம் இறந்துபோனாள். அவள் யாரென்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒற்றைத் தையல் மெஷினில் தொடங்கி, அறுபது மெஷின் ஓடும் கம்பெனியை எழுப்பியவன். யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. அந்த முதல் மெஷினை மிதித்தவள் அவள்தான். நான் வெட்டுவேன், அவள் தைப்பாள். அவள் தைத்த காலர் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பிறகு அவளே சூப்பர்வைசர்.

துணி காணாமல் போகிறதென்று பின்கதவைப் பூட்டினேன்.

"உள்ள அறுபது பொம்பளைங்க இருக்கோம். தீப்பிடிச்சா எங்கண்ணே ஓடுறது?"

"என் கம்பெனி, என் பூட்டு. நீ வேலையப் பாரு."

மறுநாள் காலை அத்தனை மெஷினையும் நிறுத்திவிட்டாள். மதியம்வரை ஊசி இறங்கவில்லை. அவளை வெளியே அனுப்பினேன். வேலைச் சான்றில் 'ரெபல்' என்று அடிக்கும்படி கிளார்க்கிடம் சொன்னேன். கலகக்காரி என்று அர்த்தம் வரும் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியும்.

அவர் தயங்கினார். "பசங்க பனியன்ல போட்டுக்கிட்டா அது பெருமை, முதலாளி. என் வீட்டுக்காரி என் பையனச் செல்லமா அப்படித்தான் கூப்பிடுறா. நியூஸ்ல வந்தா துப்பாக்கி தூக்கினவன். சான்றுல வந்தா, இந்த ஆளச் சேர்க்காதேன்னு அர்த்தம். தங்கச்சிக்கு வேணாமே."

"அதான் வேணும். அடிங்க."

ஒரே மாதத்தில் பூட்டை நானே எடுத்துவிட்டேன். அவளைத்தான் கூப்பிடவில்லை.

அந்தத் தாளோடு ஏழு கம்பெனி ஏறி இறங்கினாள். அவளுக்கும் இங்கிலீஷ் தெரியாது. அண்ணன் நல்லபடியாகத்தான் எழுதியிருப்பான் என்று நினைத்தாளாம். ஏழாவது இடத்து வாட்ச்மேன் படித்துச் சொன்ன பிறகு, வீட்டோடு உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்தாள். ஒன்பது வருஷம்.

போன வருஷம் புதிதாக ஒரு சான்று அடித்து எடுத்துக்கொண்டு போனேன். கண் மங்கியிருந்தது அவளுக்கு. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உன்ன மாதிரி தையல்காரி இல்லேன்னு எழுதியிருக்கும்மா."

"போன தடவையும் நீ குடுத்தத நம்பித்தாண்ணே எடுத்துட்டுப் போனேன்."

தாளை அவள் பக்கம் நீட்டினேன்.

"பக்கத்து வீட்டு டீச்சர் வரட்டும், படிக்கச் சொல்றேன். வச்சிட்டுப் போ" என்றாள்.

அவளை எடுத்துப் போன அன்று அந்த டீச்சரிடம் கேட்டேன். அப்படி ஒரு தாளை அவள் தன்னிடம் காட்டவே இல்லை என்றார்.