அம்மா தூங்காமல் வந்த பயணம்

ரைஸ் குக்கரின் பொத்தான் 'டக்'கென்று மேலேறிய நொடியில்தான் அந்த யோசனை வந்தது.

சுங்கைப் பட்டாணியில் நாங்கள் மாணவர்கள் நால்வர் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீடு. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய இயந்திர வரைபடத்தோடு ஹாலில் தரையில் படுத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அரிசி, தேங்காய்ப்பால், முடிச்சுப் போட்ட பண்டான் இலை, தட்டிய இஞ்சி, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டு வந்ததோடு சரி. 'டக்' என்றது. வீடு முழுக்க வாசம். பக்கத்தில் யாரும் நிற்காமலே சோறு வெந்துவிட்டது.

அப்படியானால் அம்மா ஏன் நிற்கிறார்?

எங்கள் வீட்டில் எங்காவது கிளம்புகிறோம் என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. கோழி கூவுவதற்கு முன்னால் அம்மா எழுந்துவிடுவார். புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அவித்த முட்டை, பிளாஸ்க்கில் தேநீர். எல்லாம் கட்டி முடித்துக் காரில் ஏறுவார். எங்கள் ஊர் பாடாங் மேஹாவிலிருந்து பெரிய சாலைக்கு வருவதற்குள் அவர் தலை ஜன்னலில் சாய்ந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் எழுந்து பரிமாறுவார். திரும்பும்போது மறுபடியும் ஜன்னல்.

இந்த வருஷம் ஜூனில் டுரியான் காலத்தில் பாலிங் பக்கம் ஒரு பழத்தோட்டத்துக்குப் போயிருந்தோம். மரத்தடியிலேயே பழத்தைப் பிளந்து கையில் கொடுத்தார்கள். அப்பா ஒவ்வொரு சுளைக்கும் ஒரு விமர்சனம் சொன்னார். அம்மா காரில் தூங்கிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க கூலிம் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவரை எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. சில சுளைகளை டப்பாவில் எடுத்து வைத்தோம். அன்று மாலை அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே நின்றபடி அதைச் சாப்பிட்டுவிட்டு, "பாலிங் பழம் பாலிங் பழம்தான்," என்றார். பாலிங்கை அவர் பார்த்த விதம் அவ்வளவுதான்.

குக்கர் மூடியைத் திறக்கக்கூட இல்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். கூலிமில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். எங்கள் குடும்பத்தில் கார் அவளுடையது.

"அடுத்த தடவ வெளிய போறப்ப அம்மா ஒண்ணும் சமைக்கக் கூடாது. நான் சமைக்கிறேன். அம்மா முழிச்சிக்கிட்டு வரணும்."

"நீயா?" என்றாள் அக்கா. "கிளினிக்ல எங்க டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிரட்டுமா?"

எங்கே போவது என்பதில் சிக்கல் இல்லை. என்னோடு தங்கியிருக்கும் மலாய் நண்பனின் ஊர் பெண்டாங். அவன் குடும்ப வயல் ஓரத்தில் கூரை போட்ட ஒரு குடில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்று சொல்லியிருந்தான். வயலில் தண்ணீர் நிற்கும் காலம் வந்ததும் போவதென்று முடிவாயிற்று. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஆனால் அம்மாவின் ஷிப்டு, அப்பா ஓட்டும் செம்பனைப் பழ லாரி, அக்காவின் கிளினிக் மூன்றும் ஒன்றாக ஓய்வது அபூர்வம். அப்படி அமைந்த ஒரே நாள் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை.

"பரவாயில்லலா," என்றேன் நான். "சைவமா செஞ்சிருவேன்."

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் மீன், முட்டை எதுவும் உள்ளே வராது. சனிக்கிழமை என்றால் அம்மா காலையில் வெறும் காப்பியோடு கிளம்பி, பெருமாள் கோயிலுக்குப் போய்வந்த பிறகுதான் சாப்பிடுவார். அதெல்லாம் எனக்குத் தெரியாதா? தேங்காய்ப்பால் சோற்றோடு சம்பல் சேரும் நாசி லெமாக்கிலிருந்து நெத்திலியை எடுத்தேன். முட்டையை எடுத்தேன். நெத்திலிக்குப் பதில் மொறுமொறுவென்று வறுத்த தெம்பே என்னும் சோயாக் கட்டி. வறுத்த கடலை. வெள்ளரிக்காய். மிளகாய் அரைத்த சம்பல் மட்டும் நண்பன் கற்றுக்கொடுத்த அதே முறை. முதல் முயற்சியில் மிளகாய் கருகியது. இரண்டாவதில் சரியாக வந்தது. வீட்டிலிருந்த மூவரும் சட்டியை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார்கள். மூன்றாம் ஆண்டுப் பரீட்சையில்கூட எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் எழுந்தபோது வெளியே இன்னும் இருட்டு. சம்பல் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"டேய், அம்மா எழுந்துட்டாங்க. புளிய ஊற வச்சிட்டாங்க."

"தடுலா!"

அடுத்த செய்தி வர நேரமானது. "புளிய ரசத்துக்குன்னு சொல்லி பிரிட்ஜுல வச்சிட்டேன். இப்ப வாசல கூட்டுறாங்க. ரெண்டாவது தடவ கூட்டுறாங்க. அப்பா பாவம், எங்க நின்னாலும் கால தூக்கச் சொல்றாங்க."

கோயிலை முடித்துக்கொண்டு மூவரும் என்னை ஏற்றிக்கொள்ள வந்தார்கள். அம்மா நெற்றியில் திருமண். மடியில் வெறும் கைப்பை. அந்த மடியில் எப்போதும் சாப்பாட்டுக் கூடை இருந்து பார்த்துப் பழகிவிட்டதால், யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. நான் டப்பாக்களைப் பின்னால் அடுக்கும்போதே கேட்டார்.

"உப்பு பாத்தியா?"

"பாத்தேன்மா."

"தண்ணி?"

"இருக்குமா."

"கரண்டி?"

அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, "இன்னிக்கு ஒனக்கு லீவு. லீவு எடுத்தவங்க பாக்டரிக்குப் போன் போட்டு மிஷின் ஓடுதான்னு கேக்கக் கூடாது," என்றார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். தூங்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். குருண் நெருங்கியபோது திடீரென்று கேட்டார்.

"இது என்ன மலை?"

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "ஜெராய்மா. குனோங் ஜெராய்."

"இந்த ரோட்டுலயா இருக்கு?"

"எப்பவுமே இங்கதாம்மா இருக்கு."

"எத்தன தடவ அலோர் ஸ்டார் போயிருப்போம். ஒருத்தர்கூட சொல்லலையே."

அக்கா வேகத்தைக் குறைத்தாள். தலையில் மேகத்தைப் போர்த்திக்கொண்டு நின்ற மலையை, அது பின்னால் போய் மறையும் வரைக்கும், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கப்புறம் நிறுத்தவேயில்லை. அது என்ன கட்டடம், அந்தப் பள்ளிக்கூடம் எப்போது வந்தது, வாத்து வளர்க்கிறார்களே வாடை அடிக்காதா, அந்தக் கடையில் தொங்குவது மாங்காயா. காரை நிறுத்தச் சொல்லி அந்த மாங்காயில் ஒரு பை வாங்கினார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, பச்சையா இருந்துச்சு," என்றார்.

பெண்டாங் வயல்கள் வந்தன. பயிர் முளைத்துச் சில வாரம்தான் ஆகியிருக்கும். பச்சைக்கு நடுவே தண்ணீர், தண்ணீருக்குள் வானம், அதன்மேல் ஒற்றைக்காலில் கொக்குகள். குடிலின் பலகையில் அம்மா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். காற்று முந்தானையை இழுத்தது. நான் பெருமையோடு டப்பாக்களைத் திறந்து, சோற்றை இலையில் கவிழ்த்து, சம்பலை ஓரத்தில் வைத்தேன். அப்பா எனக்காகக் காத்திருக்கவில்லை.

"தம்பி," என்றார் வாயில் சோற்றோடு. "இது நம்ம வீட்டுச் சமையல் இல்ல. கட சமையல். கடய விட ஒசத்தி."

அம்மா சோற்றைப் பிசைந்தார். வெள்ளரிக்காய் எடுத்தார். கடலை எடுத்தார். சம்பலைத் தொடவில்லை. காலையிலிருந்து வெறும் வயிறு. ஆனாலும் மெதுவாகத்தான் சாப்பிட்டார்.

"சம்பல் போட்டுக்கலையாமா?"

"காரம் வேணாம்பா. வயிறு காலியா இருக்குல்ல."

மிளகாயைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறவர் அம்மா. எனக்குப் புரியவில்லை. அக்கா சம்பல் டப்பாவைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது.

"டேய். இதுல பெலாச்சான் போட்டியா?"

போட்டேன். போடாமல் சம்பல் எப்படி? எங்கள் வாடகை வீட்டில் உப்பு, சீனி, பெலாச்சான் மூன்றும் ஒரே அலமாரித் தட்டில் இருக்கும். வாரம் இரண்டு தடவையாவது அதைச் சுடும் வாசம் வரும். நெத்திலி மீன் என்று எனக்குத் தெரியும். அது கண்ணோடு, வாலோடு கிடக்கிறது. பெலாச்சான் மண்கட்டி போல ஒரு கட்டி. கூனி இறாலை அரைத்துக் காயவைத்த கட்டி அது என்பது அந்த நிமிடம் வரை என் மூளைக்கு எட்டவே இல்லை.

"எறா," என்றேன் மெல்ல.

"எறாதான்," என்றாள் அக்கா. "புரட்டாசிச் சனிக்கிழம, பெருமாள பாத்துட்டு வந்து, எறா."

மூவரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் கை பாதி வழியில் நின்றது.

"தெரியாம தின்னா சாமி கணக்குல எடுக்காது," என்றார். கொஞ்சம் யோசித்தார். "இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. வாயில இருக்கறத என்ன பண்றது?"

"முழுங்குங்க," என்றார் அம்மா. அவர் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார்.

மூடி திறந்ததுமே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஆசையாகச் செய்ததென்று, எதையும் காட்டிக்கொள்ளாமல் வெறும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள் அவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மாதக்கணக்காகத் திட்டம் போட்டு, கடைசியில் அவருக்குக் கிடைத்தது வெள்ளரிக்காய்.

"டவுனுக்குப் போயி கடையில சைவமா ஏதாச்சும் தப்பாவ் பண்ணிட்டு வந்திரலாம்," என்றார் அப்பா.

அம்மா கேட்கவில்லை. அவர் பார்வை வாய்க்கால் ஓரத்தில் நின்றது. அங்கே கங்கோங் கீரை தளதளவென்று படர்ந்து கிடந்தது. "அங்க பாரு, எவ்வளவு எளசா இருக்கு. பக்கத்து வீட்டுல ஒரு சட்டி மட்டும் கேட்டா..." என்று பலகையிலிருந்து இறங்கத் தொடங்கினார்.

அவர் கால் தரையைத் தொட்டுவிட்டால் அந்த நாள் முடிந்தது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

"அம்மா, உக்காருங்க. அக்கா, புடி."

அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மாங்காய்ப் பையை எடுத்தேன். வெள்ளரிக்காய் நறுக்கக் கொண்டுவந்த கத்தியால் தோலைச் சீவி, டப்பா மூடியைத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேல் வைத்து மெல்லிசாக நறுக்கினேன். வெள்ளரிக்காயோடு இருந்த வெங்காயம், பச்சை மிளகாய். கடலையைத் தண்ணீர்ப் போத்தலின் அடியால் நசுக்கிப் போட்டேன். தெம்பேயை உடைத்துத் தூவினேன். தெம்பே பொரித்த எண்ணெய் சம்பலைப் பார்க்காத எண்ணெய். அதை அக்கா குறுக்கு விசாரணை செய்து உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"அப்படி வெட்டாத, வெரல் போயிரும். குடு, நான் நறுக்கறேன்," என்றார் அம்மா.

"புடிச்சிருக்கியா?" என்றேன்.

"ரெண்டு கையும்," என்றாள் அக்கா.

கையால் பிசறி அம்மாவின் இலையில் வைத்தேன். ஒரு வாய் எடுத்தார். புளிப்பில் ஒரு கண் மூடியது. இன்னொரு வாய். பிறகு தேங்காய்ச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தார். நாங்கள் மூவரும் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு பத்தல," என்றார்.

அப்புறம் இலையை என் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் சோறு போடு."

அம்மா உட்கார்ந்தபடி என்னிடம் சோறு கேட்டது அதுதான் முதல் தடவை. போட்டேன். மாங்காயும் போட்டேன். அப்பா தன் இலையையும் நீட்டினார். சாட்சிக்குச் சம்பலைத் தள்ளி வைத்திருந்தார். சாப்பிட்ட பிறகு அம்மாவை யாரும் பிடித்து வைக்கவில்லை. வரப்பில் இறங்கிப் போய், மடி நிறையக் கங்கோங் பறித்துக்கொண்டு வந்தார். "சமைக்கல. பறிச்சேன், அவ்வளவுதான்," என்று அவராகவே சொன்னார். எங்களுக்கும் வழக்காட மனமில்லை.

திரும்பும் வழியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. குருண் வருவதற்கு முன்பே என் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. கண் விழித்தபோது என் வாடகை வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. அம்மா என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மலமேல மழ பெஞ்சது பாத்தியா? ஒரு பக்கம் மழ, ஒரு பக்கம் வெயில்."

"இல்லமா. தூங்கிட்டேன்."

"ம்," என்றார் அம்மா. "சமைச்சா அப்படித்தான்."

அந்தச் சம்பல், புரட்டாசி முடியட்டும் என்று, எங்கள் வாடகை வீட்டுப் பிரீசரில் காத்திருக்கிறது. நண்பன் தினமும் அதை நலம் விசாரிக்கிறான். நானோ வேறு கணக்கில் இருக்கிறேன். யார் சமைத்தாலும் சமைத்தவர் தூங்கிப் போகிறார் என்றால், யாருமே சமைக்கக் கூடாது. பாலிங் பக்கம் வெந்நீர் ஊற்று இருக்கிறது. தீபாவளி கழிந்து வரும் செமஸ்டர் விடுமுறையில் அங்கே போகப்போகிறோம். ஊற்று நீர் மிகவும் சூடாக இருக்கும் இடத்தைக் கேட்டறிந்து, முட்டைகளை வலைப்பையில் கட்டி அதில் இறக்கிவிட்டு நால்வரும் காலை நனைத்து உட்கார்ந்திருப்பது என்பது திட்டம். வேகுமா? அப்பா வேகாது என்கிறார். அக்கா எத்தனை டிகிரி வேண்டுமென்று போனில் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் வெப்பமானி ஒன்றைக் கல்லூரியில் கடன் கேட்டிருக்கிறேன்.

அம்மாவின் கவலை வேறு. நேற்றுப் பேசியபோது, போனை வைக்கும் நேரத்தில் சொன்னார்.

"உப்பு மட்டும் நான் எடுத்துட்டு வரேன். ஒன்ன நம்ப முடியாது."