நாற்பத்தெட்டு இஞ்ச்

இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் சின்னச் சின்ன விளையாட்டுப் பூங்காக்கள் இருக்கின்றன. ஒரு ராட்டினம், சுற்றிவரும் பத்துப் பன்னிரண்டு மரக்குதிரைகள், ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் கார்கள், உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஒரு வரிசை. அவ்வளவுதான். பாதி நாள் மழை தூறிக்கொண்டிருக்கும். அப்படிப் பதினோரு பூங்காக்களுக்கு நான் போய்வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இதைத் தீர்த்த யாத்திரை என்கிறார். சொல்லிக்கொள்ளட்டும். எங்கே போனாலும் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால், பிள்ளைகளுக்கு உயரம் பார்க்கும் பலகை எங்கே இருக்கிறது என்று தேடிப்போய், குதிகாலை ஒட்டி நிமிர்ந்து நின்றுவிடுவேன். கோடு என் தோளுக்கும் கீழே கிடக்கும். பலகை அருகே நிற்கிற பையன்கள் சிரிப்பார்கள். என் மகள் என்னைத் தெரியாதவள் மாதிரி நாலடி தள்ளி நின்றுகொள்வாள். இருந்தாலும் நான் விடுவதாயில்லை. ஒரு வருஷம் முழுக்க அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டியவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அப்போது எனக்கு எட்டு வயது. தென்காசியில் அப்பாவுக்குத் தையல் கடை. சாரல் விழத் தொடங்கினால் வெளியூர்க்காரர்கள் குற்றாலத்துக்கு அருவியைத் தேடி வருவார்கள். அருவியைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. சீசனுக்கு என்று ஒரு மைதானத்தில் லாரிகளில் வந்து இறங்கும் ராட்டினங்கள்தான் எங்கள் யோகம். டிராகன் ரயில், கப்பல் ஊஞ்சல், இவற்றுக்கு நடுவில் தென்னை மரத்தையும் தாண்டி நிற்கும் ராட்சத ராட்டினம். அதன் உச்சிக்குப் போனால் மெயின் அருவி தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. ஏறியவர்கள் சொன்னார்கள், ஏறாதவர்கள் அதைவிட அதிகமாகச் சொன்னார்கள்.

அந்த சீசனில்தான் ராட்டினத்துக்கு முன்னால் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். பலகையில் ஒட்டகச்சிவிங்கி, அதன் கழுத்துக்கு நடுவில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். கறுப்பு மழைக்கோட்டு போட்ட ஓர் அக்கா அங்கே காவல் தெய்வம் போல நின்றாள். என் தலையில் ஒரு மட்டப்பலகையை வைத்துப் பார்த்துவிட்டு, நாலு விரலைச் சேர்த்துக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள்.

“நாலு வெரக்கடை கொறயுது அண்ணாச்சி. ஏத்த முடியாது.”

“நான் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு உக்காருதேன் தாயி” என்றார் அப்பா.

“நீங்க பிடிப்பீய. பிள்ள கம்பிக்கு அடியில வழுக்கிட்டுன்னா, அந்தரத்துல ஆரு பிடிப்பா?”

எங்களோடு வந்திருந்த மாமா பையன், வடகரைக்காரன், என்னைவிட ஒரு வயது இளையவன், கோட்டுக்கு மேலே இரண்டு விரல் நின்றான். ஏறிவிட்டான். உச்சிக்குப் போனதும் அவன் போட்ட சத்தம் அருவி இரைச்சலையும் தாண்டி என் காதில் விழுந்தது.

“ஏ குள்ளச்சி! அருவி தெரியுதுட்டி!”

அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இஞ்ச் டேப் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். அதை எடுத்துப் பலகையை அளந்தார். கோடு நாற்பத்தெட்டு. என்னை அளந்தார். நாற்பத்தைந்து. டேப்பை உதறிவிட்டு மறுபடியும் என்னை அளந்தார். அப்பா எதையும் இரண்டாவது தடவை அளந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அடுத்த சாரலுக்குள் அந்தக் கோட்டைத் தொட்டே தீருவது. கொய்யா மரக்கிளையில் காலையும் மாலையும் தொங்கினேன். முருங்கைக்கீரையை மறுபேச்சில்லாமல் தின்றேன். சுருண்டு படுத்தால் வளர்த்தி குன்றிவிடும் என்று யாரோ சொன்னதால் தடிக்கம்பு மாதிரி நீட்டிப் படுத்தேன். இதையெல்லாம் பார்த்த அத்தை, “கடுகு சிறுத்தா காரம் போயிருமாட்டி?” என்று என்னைத் தேற்றினாள். அம்மா கையிலிருந்த சட்டியைத் தரையில் ணங்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நல்ல பழமொழிதானே, அதற்கு ஏன் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

என் வைராக்கியத்துக்கு வீட்டில் இவ்வளவு ஆதரவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு பென்சில் டப்பா கேட்டால் ஒரு மாசம் இழுத்தடிக்கிற அப்பா, அடுத்த வாரமே கடையைச் சாத்திவிட்டு என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார். “ராட்டினத்துல ஏறணும்னா டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடணும்ட்டி” என்றார். ராட்டினம் ஏறுவதற்கு இவ்வளவு நடைமுறை இருக்கும்போல என்று நானும் பெருமையோடு போனேன். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். இடது கையை விரித்துவைக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். உயரம் காலில் இருக்கிறது, இவர் கையைப் போய்ப் படம் பிடிக்கிறாரே, இவர் எங்கே படித்தாரோ என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில் அதைத் தின்றுவிட்டு அரைமணி நேரம் காப்பி குடிக்கக் கூடாது. நான் அதற்கு ராட்டின மாத்திரை என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரையே வீட்டில் எல்லாரும் சொன்னார்கள்.

மாதம் பிறந்தால் முதல் நாள் காலையில் அளவெடுப்பு. வாசல் நிலையில் அப்பா துணிக்குக் குறி போடும் சாக்கட்டியால் நாற்பத்தெட்டில் கோடு இழுத்திருந்தார். நான் நிலையில் ஒட்டி நிற்பேன். அவர் மர ஸ்கேலை என் தலையில் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். முதல் ஆறு மாதம் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஈர்க்குச்சி இடைவெளியில் கிடந்தன. டாக்டரிடம் மறுபடி போனோம். அவர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, “பார்ப்போம்” என்றார். வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நான் மட்டும் சளைக்கவில்லை. டாக்டர் கைவிட்டால் முருகன் இருக்கிறார். பங்குனியில் ஆய்க்குடி கோயிலுக்குப் போனபோது சன்னிதிக்கு முன்னால் நின்று உரக்கவே பேரம் பேசினேன். “சாமி, நான் மட்டும் கோட்டத் தொட்டுட்டேன்னா, எம் முடி பூராவும் ஒனக்குத்தான்.” எனக்கு அப்போது சுருட்டை முடி. ஒரு கைப்பிடிக்குள் அடங்காத அடர்த்தி. அம்மா எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, மடித்துத் தூக்கி உச்சியில் ரிப்பன் கட்டுவாள். இதைக் கேட்ட அத்தை பதறிப்போனாள். “பொட்டப்பிள்ளைக்கு ஒம்பது வயசுல மொட்டையா? அடுத்தாளு சிரிக்கமாட்டாளா? நீயாவது சொல்லேம்” என்று அம்மாவிடம் முறையிட்டாள். அத்தை பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத என் அம்மா அன்று, “சிரிக்கவ சிரிச்சுட்டுப் போறா மதினி. பிள்ள நேந்தது நேந்ததுதான்” என்றாள்.

முருகன் பேரத்துக்குப் படிந்தார். அதற்குப் பிறகு கோடுகள் தாவித் தாவி ஏறின. ஆனி மாதம் முதல் தேதி அப்பா ஸ்கேலை வைத்ததும் அது சாக்கட்டிக் கோட்டில் சரியாகப் போய் உட்கார்ந்தது. வீட்டில் அன்று பாயசம்.

சாரலும் தொடங்கியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே ராட்டினம் என்றேன். அம்மா ஒப்பவில்லை. நேர்ந்ததை முதலில் செலுத்திவிட்டுத்தான் மற்றது. ஆகவே காலையில் ஆய்க்குடியில் மொட்டை, அப்படியே மத்தியானம் குற்றாலம் என்று ஏற்பாடு. நாவிதர் தலையை நனைத்துக் கத்தியை வைத்தார். சுருள் சுருளாக மடியிலும் தரையிலும் விழுந்து குவிந்தது. காக்காக்கூடு அளவுக்கு இருந்தது. தலையில் குளுகுளுவென்று காற்று பட, நான் சந்தனத்தைப் பூசிக்கொண்டு எழுந்து நின்றேன்.

அப்பா அந்த முடிக்குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் தலையைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. ஊருக்கெல்லாம் கால் இஞ்ச் பிசகாமல் அளந்து வெட்டுகிற மனுஷன், பெற்ற மகளை மட்டும் ஒரு வருஷமாகச் சடை, ரிப்பன், சுருட்டை முடி எல்லாவற்றையும் சேர்த்து அளந்திருக்கிறார். அழுத்தினால் எனக்கு வலிக்கும் என்று ஸ்கேலை அழுத்தியதே இல்லை. வளர்ந்தது பிள்ளையா, முடியா என்று அந்தக் கணத்தில் அவருக்கே தெரியவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க என் மொட்டைத் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தார். நான் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

அதே மைதானம், அதே ஒட்டகச்சிவிங்கி, அதே மழைக்கோட்டு அக்கா. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன். மட்டப்பலகை தலையில் உட்கார்ந்தது.

“ஒரு வெரக்கடை கொறயுதே.”

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பிறகுதான் விஷயம் உறைத்தது. “முடி இருந்துச்சுக்கா! காலைலதான் முருகனுக்குக் குடுத்தேன். அதையும் சேத்துத்தான் அளக்கணும்” என்று வாதாடினேன்.

“முருகனே வந்து நின்னாலும் கோட்டுக்கு மேல இருந்தாத்தான் ஏத்துவேன். அவரும் சின்னப் பையன்தான.”

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். எனக்காகச் சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவரோ அந்த அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். “ஒண்ணுதானா? நல்லாப் பாரு தாயி. ஒரே வெரக்கடைதானா?”

“ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி.”

அப்பா டேப்பை எடுத்தார். அவசரத்தில் ஒருமுறை கீழே போட்டு, துடைத்து, என் குதிகாலில் இருந்து மொட்டைத் தலைவரை இழுத்துப் பிடித்தார். நாற்பத்தேழே கால். மறுபடியும் அளந்தார். நாற்பத்தேழே கால். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. “மொட்டத் தலையோட! ஏங்க, வெறும் மொட்டத் தலையோட!” என்று இதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

“ஏத்த முடியாதுங்கேன், நீங்க என்னன்னா சிரிக்கிய” என்றாள் அந்த அக்கா, பயந்துபோய்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வருஷம் கிளையில் தொங்கி, கீரை தின்று, காப்பியைத் தள்ளிவைத்து, முடியையும் கொடுத்துவிட்டு, ஒரு விரற்கடையில் தோற்று நிற்கிறேன். பெற்றவர்கள் இருவரும் அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். வழியில் மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தார்கள், வீசினேன். சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள், தொடவில்லை. இனி இந்த ஜென்மத்தில் இவர்களோடு பேசுவதில்லை என்று சபதம் செய்தேன். அது இரண்டு நாள் நின்றது.

அடுத்த வருஷம் ஏறினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோடு என் புருவத்துக்கு நேரே இருந்தது. உச்சிக்குப் போனதும் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அங்கிருந்து அருவி தெரியுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமா பையனிடம் தெரிந்தது என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

ராட்டின மாத்திரைக்குத் தைராய்டு மாத்திரை என்று வேறு பெயர் உண்டு என்பதும், அதை ஆயுள் முழுக்கத் தின்ன வேண்டும் என்பதும் பெரியவளான பிறகு தெரிந்தது. இன்றைக்கும் விடிந்ததும் எனக்கு முதலில் அதுதான், அரைமணி கழித்துத்தான் காப்பி. மருந்து கேட்கிறதா என்பது ஒரு வருஷத்தில் தெரியும், கேட்காவிட்டால் வேறு என்ன கோளாறு என்று பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தாராம். அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு பேர் எப்படித் தூங்கினார்கள் என்று நான் கேட்டதில்லை.

ஆனால் அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடப் பாவாடையைத் தைக்கும்போதே அப்பா அடியில் துணியை மடித்துவைத்துத் தைப்பார். “வளருத பிள்ள, மடிச்சு விட்டுருக்கேன்” என்று கடைக்கு வரும் தாய்மார் எல்லாரிடமும் சொல்வார். வருஷம் பிறந்தால் மடிப்பைப் பிரித்துவிட வேண்டியதுதான். பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலப் பட்டையாகத் தெரியும். எங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பட்டை இருந்தது. எனக்கு மட்டும் இரண்டு வருஷமாக இல்லை. என் பாவாடைதான் வகுப்பிலேயே அழகு என்று அலட்டிக்கொண்டு திரிந்தேன்.

அன்று காலையில் அப்பா குளிக்கக்கூட இல்லை. என் பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு, பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரிக்காதீர்கள், பட்டை தெரியும், பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன், நேரில்தான் பேசக் கூடாதே. அவர் கேட்கவில்லை. மொட்டைத் தலையும் கருநீலப் பட்டையுமாக, மானம் போயிற்றே என்று அழுதுகொண்டே பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது, அப்பாவும் அம்மாவும் வாசலில் நின்று என் பாவாடையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.